ட்ரிம் என்றால் வைப்பதா, வெட்டுவதா?

செக்கிங் டேபிள் (கேள்வி):

வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. பதினோரு வருஷம் செக்கிங்கில் நின்றவள். பீஸை உள்பக்கம் திருப்பிப் போட்டு ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பிழைப்பாக இருந்தது. போன தை முதல் மேலே ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்கள். மெர்ச்சன்டைசருக்கு உதவி. பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவர், அனுப்புகிற மெயிலைப் படித்து, சாம்பிள் செக்‌ஷனுக்கும் கட்டிங்குக்கும் இன்னது செய்யணும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலம் படித்தால் புரிகிறது. எழுதப் போனால்தான் கை நடுங்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னப் பையன்களுக்கான ரவுண்டு நெக் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. முதல் சாம்பிளைப் பார்த்துவிட்டுப் பையர் கமென்ட் ஷீட் அனுப்பியிருந்தார். மொத்தம் ஆறு வரி. நாலாவது வரியில் ‘ட்ரிம் இன்சைட் நெக்’ என்று மூன்றே வார்த்தை.

எங்கள் தொழிலில் ட்ரிம்ஸ் என்றால் துணியைத் தவிர உடுப்பில் ஏறுகிற சாமான்கள். லேபிள், பட்டன், ஜிப், எலாஸ்டிக், நாடா எல்லாம் அதில் சேரும். ஆர்டருக்கு ஆர்டர் ட்ரிம் கார்டு என்று ஓர் அட்டையே போடுவோம். அந்த நினைப்பிலேயே படித்தேன். கழுத்துக்கு உள்ளே ட்ரிம், அப்படியென்றால் நெக் டேப், அதாவது கழுத்துத் தையலை மூடுகிற நாடா, கேட்கிறார் என்று முடிவு பண்ணிவிட்டேன். சாம்பிள் மாஸ்டர் அண்ணன் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டார், “டேப்பா கண்ணு? முதல் சாம்பிள்ல இல்லையே?” “பையர் கேக்கறாருங்கண்ணா” என்று அடித்துச் சொன்னேன். ஆறு சைஸ், சைஸுக்கு ரெண்டு, ஆக பன்னிரண்டு பீஸ். பின்கழுத்தில் டேப் வைத்து அழகாகத் தைத்து கூரியரில் போனது.

ஒன்பதாம் நாள் போட்டோவோடு பதில் வந்தது. டேப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இதை யார் வைக்கச் சொன்னது என்று கேள்வி. பக்கத்திலேயே எங்கள் பழைய சாம்பிளின் போட்டோ. கழுத்துக்கு உள்ளே அரை இஞ்சு நூல் பிசிறு தொங்குகிறது. அதை வெட்டுங்கள் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார்.

இதில் எனக்கு வெட்கம் எங்கே என்றால், கையில் ட்ரிம்மரை மாட்டிக்கொண்டு பிசிறு வெட்டித்தான் நான் இந்தக் கம்பெனிக்குள்ளேயே வந்தேன். செக்கிங்குக்கு முன்னால் ஒரு வருஷம் அதே வேலை. ட்ரிம் பண்ணு, ட்ரிம் பண்ணு என்று சூப்பர்வைசர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆபீசில் உட்கார்ந்து ஒரு தாளில் பார்த்ததும் அந்த ட்ரிம் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மேனேஜர் திட்டவில்லை. “படிச்சுட்டுச் செய்ம்மா” என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இதோடு சேர்த்து இன்னும் ரெண்டு சந்தேகம். மெயிலில் ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று சி போட்டு எழுதினேன், எஸ் போடணும் என்று திருத்தினார்கள். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்கிறார்கள். அப்புறம் போனில் பையர் பக்கத்து அம்மாவிடம், அளவையெல்லாம் ரெக்கார்டு செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னபோது, எந்த ரெக்கார்டு என்று திருப்பிக் கேட்டார். ஒன்பதாவது படிக்கிற என் மகள், “இங்கிலீஷ்ல எதை வேணும்னாலும் வெர்பா ஆக்கிக்கலாம்மா, கூகுள் கூட வெர்ப்தான்” என்கிறாள். எங்கள் அக்கவுன்டன்ட் சாரோ ‘இன்வைட்’ என்பதைப் பெயர்ச்சொல்லாகப் போட்டால் அது தப்பான ஆங்கிலம் என்கிறார்.

ஒரே வார்த்தை ரெண்டு வேஷம் கட்டினால் எந்த வேஷத்தில் நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய கரும்பலகை:

அம்மிணி, அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒரு ஆறுதல். ‘ட்ரிம் இன்சைட் நெக்’ என்ற மூன்று சொல்லை மட்டும் கொடுத்து இது பெயரா வினையா என்று கேட்டால் நானும் தடுமாறித்தான் போவேன். தப்பு உங்கள் மேல் பாதி, எழுதினவர் மேல் பாதி.

ஆங்கிலத்தில் சொல்லின் முகத்தைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முன்னால் எ, த, யுவர், திஸ் மாதிரி ஒரு பொடிச் சொல் நின்றால் பெயர். டு, வில், கேன், மஸ்ட் நின்றால் வினை. சொல்லுக்குப் பின்னாலேயே ‘த நெக்’, ‘த த்ரெட்ஸ்’ என்று ஒரு பொருள் வந்து உட்கார்ந்தால் அதுவும் வினைக்கு அடையாளம். அவர் ‘ட்ரிம் த த்ரெட்ஸ் இன்சைட் த நெக்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. கமென்ட் ஷீட், தந்தி, செய்தித்தாள் தலைப்பு, இதிலெல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவது இந்தப் பொடிச் சொற்களைத்தான். வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கிவிட்டு ஊருக்கு வா என்கிற கதை.

ட்ரிம் இன்னும் ஒருபடி பொல்லாதது. வினையாக வரும்போதே அதற்கு எதிரெதிரான ரெண்டு வேலை. முடியை ட்ரிம் செய்தால் குறைப்பது. கிறிஸ்துமஸ் மரத்தை ட்ரிம் செய்தால் மணியும் பூவும் தொங்கவிட்டு அலங்கரிப்பது. இரண்டுமே ஒழுங்காக்குவதுதான், ஒன்று எடுத்து, இன்னொன்று வைத்து. இப்படி இன்னும் சில உண்டு. டஸ்ட் என்றால் தூசு. மேஜையை டஸ்ட் செய்தால் தூசு போகும், கேக்கின் மேல் சர்க்கரையை டஸ்ட் செய்தால் தூள் விழும். சீட் என்றால் விதை. வயலை சீட் செய்தால் விதைப்பது, திராட்சையை சீட் செய்தால் விதையை எடுப்பது. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் ஒருவனாவது, “அப்ப வெள்ளைக்காரனுக்கே தெரியாதா சார்?” என்பான்.

அட்வைஸுக்கு வருவோம். பெயராக வரும்போது கடைசி மூன்று எழுத்து ஐ, சி, இ. சேர்த்துப் படித்தால் ஐஸ். ஐஸ் கையில் எடுக்கிற பொருள், ஆகவே பெயர். இதை மறக்கவே மாட்டீர்கள். வினை என்றால் எஸ். உச்சரிப்பும் மாறும். பெயரில் பாம்பு சீறுகிற மாதிரி ‘ஸ்’, வினையில் வண்டு ரீங்கரிக்கிற ஒலி. டிவைஸும் இதே கணக்கு. ஆனால் ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் உச்சரிப்பு மாறாது, எழுத்து மட்டும் மாறும், அதுவும் பிரிட்டிஷ் வழக்கில்தான். பெயருக்கு சி, வினைக்கு எஸ். நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் அட்டையில் சி இருப்பது அதனால்தான். அமெரிக்கர்கள் இந்தத் தகராறே வேண்டாம் என்று ப்ராக்டிஸை எப்போதும் சி போட்டும், லைசென்ஸை எப்போதும் எஸ் போட்டும் எழுதுகிறார்கள். பையர் எந்த நாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்வைஸ் மட்டும் எங்கே போனாலும் ரெண்டுதான்.

மூன்றாவது, ரெக்கார்டு. இது அழுத்தத்தில் இருக்கிறது. பெயர் என்றால் முதல் அசையில் அழுத்தம், வினை என்றால் இரண்டாவதில். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நம் காதுக்கு இது பிடிபடுவதில்லை. அழுத்தம் இடம் மாறும்போது உயிரொலியும் மாறும், தமிழ் எழுத்தில் அதை ஓரளவு காட்டலாம். பெயர் ரெக்கார்ட், வினை ரிக்கார்ட். பெயர் ப்ரெசென்ட், வினை ப்ரிசென்ட். பெயர் ஆப்ஜெக்ட், வினை அப்ஜெக்ட். உங்கள் தொழிலில் அதிகம் புழங்குவது: பெயர் ரீஜெக்ட், வினை ரிஜெக்ட். ஏற்றுமதி, இறக்குமதிக்கான எக்ஸ்போர்ட், இம்போர்ட், அப்புறம் கான்ட்ராக்ட், இன்க்ரீஸ், பெர்மிட் எல்லாம் இதே கூட்டம்.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சொல்லையும் இழுக்கக் கூடாது. ரிப்போர்ட், ரிப்ளை, சப்போர்ட், ஆர்டர், ஆன்சர் எல்லாம் எந்த வேஷத்திலும் ஒரே மாதிரிதான்.


செக்கிங் டேபிள்:

ஐயா, ரொம்ப நன்றிங்க. ஐஸ் மனசில் ஒட்டிக்கொண்டது. ரீஜெக்ட் பற்றி நீங்கள் சொன்னதும் சிரித்துவிட்டேன். எங்கள் செக்கிங்கில் பீஸ் கழித்தால் அது ரிஜெக்ட் பீஸ், காதர்பேட்டைக் கடைகளில் போய் விற்பதும் ரிஜெக்ட்தான். பதினோரு வருஷமாகப் பெயரையும் வினையையும் ஒரே மாதிரிச் சொல்லி ஆயிரக்கணக்கில் கழித்திருக்கிறேன். ஒரு பீஸும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. இந்த மாதிரி வார்த்தைகளை நாங்கள் தினமும் பேசுகிறோம். கீழே ஃப்ளோரில் ஒருத்தருக்கும் குழப்பம் வருவதில்லையே? தாளில் வந்தால் மட்டும் ஏன் வருகிறது?


நைட் டூட்டி:

அக்கா, நான் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உங்களுக்கு ட்ரிம் என்றால் எனக்கு டிஸ்சார்ஜ்.

ஆபரேஷன் காயத்தில் நீரோ சீழோ வடிந்தால் அதுவும் டிஸ்சார்ஜ், நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும் டிஸ்சார்ஜ். ராத்திரி டிரெஸ்ஸிங் மாற்றிவிட்டு, காயம் சுத்தமாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் நோட்டில் ‘நோ டிஸ்சார்ஜ்’ என்று எழுதிவிட்டுப் போனேன். காலையில் வந்த பயிற்சிப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, இன்றைக்கு வீட்டுக்கு விடமாட்டார்கள் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட்டது. அந்த அம்மா கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, தூக்குவாளியைக் கழுவி, மகனை ஆட்டோவைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, “ஏன் இன்னும் கிளம்பலை?” என்று கேட்கிறார்.

அதிலிருந்து ‘நோ டிஸ்சார்ஜ் ஃப்ரம் வூண்டு’ என்று முழுசாகத்தான் எழுதுகிறேன். வாத்தியார் ஐயா சொன்ன அழுத்தக் கணக்கு இதற்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் நோட்டுக்கு வாய் கிடையாதே.

இன்னொன்று. உங்களுக்கு ட்ரெஸ் என்றால் தைப்பது, எங்களுக்கு ட்ரெஸ் பண்ணுவது என்றால் புண்ணுக்கு. ஸ்டிச் மட்டும் நமக்குப் பொது.


மெய்ப்பு மேசை:

செக்கிங் டேபிள் அவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. தாளில் வந்தால் மட்டும் ஏன் குழப்பம்?

காரணம் ‘பண்ணு’. நாம் ஆங்கிலச் சொல்லைத் தமிழுக்குள் எடுக்கும்போது அதை வினையாக எடுப்பதே இல்லை. கை கால் கட்டிய பெயராகத்தான் எடுக்கிறோம். அது நடக்க வேண்டுமானால் பின்னால் பண்ணு, ஆகு, போடு, அடி என்று ஒரு தமிழ் வினையைப் பூட்டுகிறோம். ட்ரிம் பண்ணு, ட்ரிம் ஆச்சு, ட்ரிம் வை. பார்சலை ஷிப் பண்ணியாச்சு, ஷிப்மென்ட் ஆச்சு. பண்ணு வந்தால் யாரோ செய்தது, ஆகு வந்தால் தானாக நடந்தது என்ற வித்தியாசம் வரை சொல்லிவிடுகிறது அந்தப் பின்வண்டி. உங்கள் ஃப்ளோரில் யாரும் வெறும் ‘ட்ரிம்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பையருடைய ஆங்கிலத்தில் பண்ணு இல்லை. அவ்வளவுதான் விஷயம். உங்கள் காதில் இருந்தது ‘ட்ரிம் பண்ணு’. கண்ணில் பட்டது ‘ட்ரிம்’. இரண்டும் ஒரே சொல் என்று மனசுக்குத் தோன்றாததில் ஆச்சரியமே இல்லை.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் பின்வண்டி இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் ‘லுஃபு’, அன்பு செய் என்ற வினை ‘லுஃபியன்’. பார்த்தவுடன் எது எது என்று தெரியும். 1066-இல் நார்மானியர் வந்ததற்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளில் இந்த விகுதிகள் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்தன. மிஞ்சியது ஒரே ‘லவ்’. பெயருக்கும் அதுதான், வினைக்கும் அதுதான். ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் சுலபமாக வேஷம் மாற்றுவதற்கு முக்கியக் காரணம் இந்த உதிர்தல். விகுதி போன பிறகு வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம்தான் விகுதியின் வேலையைச் செய்கிறது.

கரும்பலகை ஐயா சொன்ன பாம்பும் வண்டும்கூட இதில் கொஞ்சம் அடங்கும். பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ‘ஸ்’ வண்டு ஒலியாகவும், ‘ஃப்’ ‘வ்’ ஆகவும் மென்மையாகும். வீடு ‘ஹூஸ்’, அதில் ஸ் கடைசி எழுத்து, சீறும். குடியமர்த்து என்ற வினை ‘ஹூசியன்’, அதில் நடுவில் மாட்டுகிறது, ரீங்கரிக்கும். விகுதி உதிர்ந்தது, ரீங்காரம் மட்டும் தங்கிவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் ஹவுஸ் என்ற பெயருக்கு ஒரு ஒலி, வினைக்கு ஒரு ஒலி. ஹாஃப் என்றால் பாதி, பாதியாக்கினால் ஹாவ். ஷெல்ஃப் என்றால் தட்டு, அதில் எடுத்து வைத்தால் ஷெல்வ். தமிழருக்கு இது விளங்காத வித்தை இல்லை. ‘தம்பி’யில் முதலில் நிற்கும் த வேறு, ‘அது’வில் உயிர்களுக்கு நடுவே நிற்கும் து வேறு. எழுத்து ஒன்றுதான். நம் வாய் தானாக மென்மையாக்கிவிடுகிறது.

அப்புறம், ஒரே சொல் இரண்டு வேஷம் கட்டுவது வெள்ளைக்காரன் சொத்து என்று நினைக்க வேண்டாம். அடி வாங்கினான், அவனை அடி. இடி விழுந்தது, மாவை இடி. விகுதி எதுவும் சேராமல் வினைப்பகுதி அப்படியே பெயராக நின்றால் முதனிலைத் தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். கெடு கேடாவதும், சுடு சூடாவதும், பெறு பேறாவதும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். அதாவது முதல் உயிர் நீண்டால் பெயர். ரிஜெக்ட், ரீஜெக்ட் என்று ஐயா எழுதிக் காட்டியதைப் பார்த்தபோது எனக்கு முதலில் சுடு, சூடுதான் ஞாபகம் வந்தது. வரலாறு வேறு வேறு, காதுக்கு மட்டும் உறவு.

நமக்குக் குழப்பம் குறைவாக இருப்பதற்குக் காரணம், தமிழில் அந்த ஒற்றுமை ஏவலில் மட்டும்தான் இருக்கிறது. காலம் சேர்ந்தவுடன் அடித்தான், வேற்றுமை சேர்ந்தவுடன் அடியை. இரண்டும் பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் பன்மைக்கும் ஒரு எஸ், அவன் செய்கிறான் என்பதற்கும் ஒரு எஸ். விகுதி மிஞ்சிய இடத்திலும் ஒரே சட்டையைத்தான் தைத்திருக்கிறார்கள்.

அழுத்தக் கணக்கு பற்றி ஒரு சின்னத் தகவல். 1570-இல் பீட்டர் லெவின்ஸ் என்பவர் தொகுத்த எதுகை அகராதியில் அழுத்தம் மாறும் பெயர்–வினை ஜோடிகள் மூன்றுதான்: அவுட்லா, ரெபெல், ரெக்கார்ட். அப்புறம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. ஆக உங்களைப் போனில் மடக்கிய சொல் அந்தக் கூட்டத்தில் மூத்தது.


டிக்கெட் க்ளோஸ்டு:

நான் ஐ.டி. சப்போர்ட். எங்கள் ஆபீசில் எல்லாமே வெர்ப் ஆகிவிட்டது. ‘ஆக்‌ஷன் திஸ்’ என்கிறான், ‘காலண்டர் பண்ணு’ என்கிறான். இந்தப் பக்கம் வெர்பெல்லாம் நவுன். ‘பிக் ஆஸ்க்’ என்கிறான். கேட்டாலே பல் கூசுகிறது. அக்கவுன்டன்ட் சார் பக்கம் நான்.


மெய்ப்பு மேசை:

கூசட்டும், ஆனால் தப்பு என்று சொல்வதற்கு முன் யோசிக்கலாம். 1789 டிசம்பரில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் பிரான்சில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் நோட்டீஸ், அட்வகேட், ப்ராக்ரஸ் என்ற பெயர்களையெல்லாம் வினையாக்கி வைத்திருக்கிறார்கள், நீங்கள் உங்கள் செல்வாக்கைக் காட்டி இதைக் கண்டியுங்கள் என்று. மூன்றிலும் ப்ராக்ரஸ்தான் அவருக்குப் படுமோசம். இன்றைக்கு அந்த மூன்றையும் வினையாக எழுதாத ஆங்கிலப் பத்திரிகை உண்டா? அக்கவுன்டன்ட் சார் எதிர்க்கிற ‘இன்வைட்’ பெயராகப் புழங்குவது பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் போட நான் சம்மதிக்க மாட்டேன், அது பேச்சுச் சட்டை. கூகுள் விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரி. 2006-இலேயே ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் இரண்டு அகராதிகளும் அதை வினையாகச் சேர்த்துவிட்டன.

அதே சமயம் அகராதியில் இருக்கிறது என்பதற்காக எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. ‘டேபிள்’ என்ற வினையைப் பாருங்கள். பிரிட்டனிலும் நம் நாடாளுமன்றத்திலும் ஒரு தாளை டேபிள் செய்தால் இப்போது பேசுவோம் என்று மேசைமேல் வைப்பது. அமெரிக்காவில் டேபிள் செய்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரே சொல்லை வைத்து இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் நீண்ட நேரம் சண்டை பிடித்தார்கள், கடைசியில் பார்த்தால் இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றேதான் என்று சர்ச்சிலே எழுதியிருக்கிறார். பன்னிரண்டு டி-ஷர்ட்டோடு போனது உங்கள் அதிர்ஷ்டம்.


பழைய கரும்பலகை:

மெய்ப்பு மேசை சொன்ன ‘பண்ணு’ விளக்கம் என் சர்வீஸ் முழுக்க எனக்குத் தோன்றாதது. வகுப்பில் சொல்லியிருந்தால் பாதிப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். அம்மிணி, அதையே திருப்பிப் பயன்படுத்துங்கள். மெயிலில் சந்தேகமான சொல் வந்தால் அதற்குப் பின்னால் ‘பண்ணு’ போட்டு ஒரு தடவை, ‘வேணும்’ போட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் கீழே சொல்லி அனுப்பாதீர்கள், பையரையே கேளுங்கள்.


செக்கிங் டேபிள்:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், ஷிப்மென்ட் நெருக்கடி.

ஐயா சொன்னபடியே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். கமென்ட் ஷீட்டைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சைப் பேனாவால் ‘பண்ணு’ அல்லது ‘வேணும்’ என்று எழுதுகிறேன். பாதி வரிக்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் எங்கள் தொழிலைப் பார்த்தால் எத்தனை வார்த்தை ரெண்டு பக்கமும் போகிறது என்று மலைப்பாக இருக்கிறது. சாம்பிள், லேபிள், டேக், பேக், ப்ரின்ட், வாஷ், டை, கோட், ஷிப், இன்வாய்ஸ், எல்லாமே. ‘லேபிள் சைடு சீம்’ என்று போன வாரம் ஒரு வரி. பண்ணு போட்டால் சைடு சீமில் லேபிளை வைத்துத் தை. வேணும் போட்டால் சைடு சீமில் லேபிள் இருக்கணும். எப்படிப் படித்தாலும் வேலை ஒன்றுதான் என்று தெரிந்ததும் நிம்மதி. எல்லாக் குழப்பமும் நஷ்டம் வைப்பதில்லை.

ஆனால் ‘ப்ரெஸ் ஃப்ரன்ட் ஓப்பனிங்’ என்று இன்னொரு வரி வந்தது, குழந்தைகள் சட்டை. பண்ணு போட்டால் முன்பக்கத்தை அயர்ன் பண்ணு. வேணும் போட்டால் ப்ரெஸ் பட்டன் வைத்த முன்பக்கம். ரெண்டும் பொருந்துகிறது. ட்ரிம் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் பையருக்கு மெயில் எழுதினேன். ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று எஸ் போட்டு, அயர்னா பட்டனா என்று தெளிவாகக் கேட்டேன். அயர்ன்தான் என்று பத்து நிமிஷத்தில் பதில். கூடவே, முன்பக்கம் ஓரமாக வருகிற டேப் நீளமாக இருக்கிறது, ‘கட்’ என்று ஒரு வரி.

கீழே போய் மாஸ்டர் அண்ணனிடம் சொன்னேன், “டேப் நீளமாம், வெட்டாம்.”

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “வெட்டுன்னா, நீளத்தைக் குறைக்கவா, இல்ல நடுவுல ஒரு வெட்டுக் குடுக்கவா? அதையும் மெயில் போட்டுக் கேட்டுட்டு வா கண்ணு. நான் அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”